முழங்கையில் தேன்: கிரன்விக் வேலைநிறுத்தத்தில் ஒற்றுமையின் சாவி யாரிடம் இருந்தது?

1976 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. வடமேற்கு லண்டனில் வில்லெஸ்டன் பக்கம் ஒரு ஃபிலிம் கழுவும் தொழிற்சாலை, பெயர் கிரன்விக். விடுமுறைக்குப் போய் வந்தவர்கள் ஃபிலிம் ரோலை உறையில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். இங்கே கழுவி, பிரின்ட் போட்டு, தபாலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கோடைதான் சீசன். அந்த ஆண்டோ இங்கிலாந்தே மறக்க முடியாத வெயில். உறை பிரிக்கும் பிரிவில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆசியப் பெண்கள். மேலாளர் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கழிப்பறைக்குப் போகக்கூடக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். ஓவர்டைம் இருக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும்.

அன்று, வேலை மெதுவாகச் செய்கிறார் என்று சொல்லி ஓர் இளைஞரை வெளியே அனுப்பினார்கள். அவருக்காக மூன்று பேர் கூடவே வெளியேறினார்கள். சாயங்காலம் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த ஜெயாபென் தேசாயை ஓவர்டைம் இருக்கச் சொன்னார்கள். 43 வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம். அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலாளரிடம் அவர் சொன்னது பிரிட்டிஷ் தொழிற்சங்க வரலாற்றில் நின்றுவிட்டது: "நீங்கள் நடத்துவது தொழிற்சாலை இல்லை, மிருகக்காட்சிசாலை. அங்கே பலவகை மிருகங்கள் உண்டு. சில குரங்குகள், உங்கள் விரல் நுனிக்கு ஆடும். சில சிங்கங்கள், உங்கள் தலையைக் கடித்து எடுத்துவிடும். நாங்கள் அந்தச் சிங்கங்கள், மேலாளர் அவர்களே."

அங்கேயே வேலை பார்த்த மகன் சுனிலும் அம்மாவோடு வெளியே வந்தார். வாசலில் முன்பே வெளியேறிய நால்வர் நின்றிருந்தார்கள். ஆக மொத்தம் ஆறு பேர். எந்த யூனியனில் சேர்வது, எப்படிச் சேர்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இலவச ஆலோசனை மையம் ஒன்றில் விசாரித்து, நாட்டின் யூனியன்களுக்கெல்லாம் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரசின் தொலைபேசி எண்ணை வாங்கினார்கள். அங்கிருந்து எழுத்தர், அலுவலக ஊழியர்களுக்கான அபெக்ஸ் என்ற யூனியனைக் கைகாட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் வெளியே வந்தவர்கள் 137 பேர். நிறுவனத்தில் மொத்தம் ஏறக்குறைய 490 பேர்.

இந்த நிகழ்வை 'கறுப்பும் வெள்ளையும் கைகோத்த வெற்றி' என்று கொண்டாடுவது வழக்கம். வேலைநிறுத்தம் தோற்றது என்பதை அதே மூச்சில் சொல்லிவிட்டு, 'ஆனாலும்' என்று தொடர்வார்கள். எனக்கு அந்த 'ஆனாலும்' மேல்தான் சந்தேகம். ஒற்றுமை வந்தது உண்மை. கேள்வி, அதைத் திறக்கவும் பூட்டவும் சாவி யார் கையில் இருந்தது என்பது.

அதற்கு முன் நடந்தவை

கிரன்விக்கில் கிடைத்த ஆதரவு ஏன் அதிசயமாகப் பட்டது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1955இல் பிரிஸ்டல் நகரப் பஸ் தொழிலாளர்களின் யூனியன் கிளை ஒரு தீர்மானம் போட்டது: வெள்ளையர் அல்லாதவர்களை டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுக்கக் கூடாது. பணிமனையில் சம்பளம் குறைந்த வேலைகளில் அவர்கள் இருந்தார்கள், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பஸ்ஸில் ஏறி டிக்கெட் கொடுப்பதுதான் கூடாது. இதை வெறும் நிறவெறி என்று சொல்லித் தாண்டிவிடலாம். கணக்கைப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அடிப்படைச் சம்பளம் குறைவு. குடும்பம் ஓடியது ஓவர்டைமில். ஆள் பற்றாக்குறை இருக்கும்வரைதான் ஓவர்டைம். புது ஆள் வந்தால் அது போகும், சம்பளப் பேச்சில் பிடியும் தளரும். அதனால் எங்கேயாவது ஒரு கோடு போட்டு ஆள் வருவதை நிறுத்த வேண்டும். தோலின் நிறம் கோடு போட வசதியாக இருந்தது, அவ்வளவுதான். வர்க்க நலனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே அதைச் செய்தார்கள் என்பதுதான் இதில் கசப்பான பகுதி. கம்பெனிக்கும் வசதி. 'நாங்கள் எடுப்போம், எங்கள் ஆட்கள் ஒப்ப மாட்டார்கள்' என்று சொல்லிக்கொண்டது.

1963இல் கை பெய்லி என்ற ஜமைக்கா இளைஞருக்கு நேர்காணல் உறுதியானது. அவர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் ரத்தானது. கறுப்பினச் செயற்பாட்டாளர்களான பால் ஸ்டீவன்சனும் ராய் ஹேக்கெட் போன்றவர்களும் சேர்ந்து பஸ் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். நான்கு மாதம் இழுத்து, ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி தடையை நீக்கியது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்தப் பெரும் பேரணி நடந்ததும் அதே நாள்தான். செப்டம்பரில் முதலில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையரல்லாத கண்டக்டர் ஒரு சீக்கியர். கவனியுங்கள், இங்கே யூனியனின் மனது தானாக மாறவில்லை. வெளியே தள்ளப்பட்டவர்கள் தாங்களாகத் திரண்ட பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் வாக்கெடுத்துக் கதவைத் திறந்தார்கள்.

அப்புறம் 1968. ஏப்ரல் 20 அன்று கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஈனாக் பவல் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசி, எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். மூன்றே நாளில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். நாட்டிலேயே கட்டுக்கோப்பான தொழிலாளர் கூட்டங்களில் ஒன்று அது.

1974 மே தினத்தன்று லெஸ்டரில் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ் ஆலையிலிருந்து 39 ஆசியத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். போனஸ் கணக்கில் தங்களை ஏமாற்றுகிறார்கள் என்பது புகார். ஆலைக்குள் யூனியனின் பிரதிநிதியாக இருக்கும் ஷாப் ஸ்டூவர்டாகத் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுக்க விடவில்லை என்பது இன்னொன்று. பிறகு நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர்கள் உறுப்பினர்களாக இருந்த அதே யூனியன் வேலைநிறுத்தத்தை அங்கீகரிக்கவில்லை. முறைப்படி வரவில்லை என்றது. மூன்று மாதம் ஆசியச் சமூகத்தின் கையிருப்பிலேயே போராட்டம் நடந்தது. அடுத்த ஆண்டு ஆலை மூடப்பட்டது.

இரண்டே வருடம் கழித்து கிரன்விக் வாசலில் நின்றவர்களுக்கு யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

யார் இவர்கள்

இவர்கள் ஆலைத் தொழிலாளர் வம்சம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயில்வேயிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் தலைமுறையாக இருந்த இந்தியக் குடும்பங்கள், பெரும்பாலும் குஜராத்திகள். பிரிட்டிஷ் ஆட்சி அங்கே கட்டிவைத்த அடுக்கில் வெள்ளையர் மேலே, ஆப்பிரிக்கர் கீழே, இந்தியர் நடுவே. அங்கே வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தவர்கள் இங்கே அடுத்தவர் விடுமுறைப் படங்களின் உறையைப் பிரித்தார்கள். ஜெயாபென்னும் அப்படித்தான்: குஜராத்தில் பிறந்து, தாங்கனிக்காவில் (இன்றைய தான்சானியாவின் பகுதி) வாழ்ந்து, அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்து வந்தவர். 1972இல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்தபோது இன்னும் பல ஆயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். நிர்வாகம் இவர்களை விரும்பி எடுத்தது. புதிதாக வந்தவர்கள், வேலை அவசரமாக வேண்டும், ஊர் தெரியாது. வாரச் சம்பளம் 28 பவுண்டு அளவில் இருந்தது. லண்டனில் உடலுழைப்பு வேலை செய்த ஒரு பெண்ணுக்குச் சராசரியாகக் கிடைத்ததைவிட இது மிகவும் குறைவு.

நிர்வாகம் ஒன்றைக் கணக்கில் எடுக்க மறந்தது. ஆலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேலாளரின் அதட்டல் பழகியிருக்கும். மேலே இருந்து விழுந்தவர்களுக்கு அது பழகவில்லை. சம்பளத்தைவிட மரியாதைக்கான கோபம்தான் ஆகஸ்ட் 20ஐ நடத்தியது என்பது என் வாசிப்பு. ஆக, போராட்டத்தைக் கிளப்பிய தீயில் பழைய நடுத்தர வர்க்க ரோஷமும் கலந்திருந்தது. தூய வர்க்க உணர்வைத் தேடுபவர்களுக்கு இது பிடிக்காது.

இனம் பக்கமும் கதை நேர்கோடாக இல்லை. உரிமையாளர் ஜார்ஜ் வார்டு டெல்லியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். உள்ளேயே தங்கி, கம்பெனி பஸ்ஸில் மறியலைத் தாண்டி வேலைக்குப் போனவர்களிலும் கணிசமானோர் ஆசியர்கள். 490இல் 137 என்ற கணக்கைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருந்தவர்களே அதிகம். அவர்களுக்குச் சம்பளமும் கூட்டப்பட்டது. வெளியே நின்றவர்களால் உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்த உயர்வு அது! 'ஆசியர்கள் ஒன்றுபட்டார்கள்' என்ற வாக்கியமும் 'தொழிலாளர்கள் ஒன்றுபட்டார்கள்' என்ற வாக்கியமும் வாசலுக்கு வெளியே மட்டும்தான் செல்லுபடியாகும்.

எது வலித்தது

செப்டம்பர் தொடக்கத்திலேயே வேலைநிறுத்தம் செய்த அத்தனை பேரையும் வார்டு பணிநீக்கம் செய்தார். இதில் ஒரு சட்டச் சூட்சுமம் இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களில் சிலரை மட்டும் பொறுக்கி நீக்கினால் அவர்கள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எல்லோரையும் மொத்தமாக நீக்கினால் போக முடியாது.

அரசின் சமரச அமைப்பான ஏகாஸ் 1977 மார்ச்சில் யூனியனை அங்கீகரிக்கப் பரிந்துரைத்தது. தொழிலாளர்களின் கருத்தைக் கேட்டறிவது அதன் கடமை. உள்ளே இருப்பவர்களின் பெயர், முகவரியை வார்டு தரவில்லை. வெளியே இருந்தவர்களை மட்டும் கேட்டு அறிக்கை எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், எல்லோரையும் கேட்காததால் அறிக்கை செல்லாது என்றார்கள். பட்டியலைத் தர மறுத்தவருக்கே அந்த மறுப்பு கேடயமாயிற்று. நீதிபதி ஸ்கார்மன் தலைமையிலான விசாரணைக் குழு, நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கவும் யூனியனை ஏற்கவும் சொன்னது. வார்டு முடியாது என்றார். அதைக் கட்டாயப்படுத்த வழி இல்லை.

சரி, வார்டுக்கு எதுதான் வலித்தது? தபால். கழுவிய படம் வாடிக்கையாளருக்குப் போனால்தான் காசு. அந்தப் பகுதித் தபால்களைப் பிரித்தது கிரிக்கிள்வுட் தபால் நிலையம். 1976 நவம்பர் 1 அன்று தபால் ஊழியர் யூனியன் கிரன்விக் தபாலைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தது. நான்கு நாளில் வார்டு ஏகாஸுடன் ஒத்துழைப்பதாகச் சொன்னார். கூடவே நீதிமன்றத் தடை வரும் என்ற மிரட்டலும் இருந்தது. யூனியன் தன் புறக்கணிப்பை விலக்கிக்கொண்டது. ஒத்துழைப்பு என்ன ஆனது என்று மேலே பார்த்தோம்.

1977 ஜூனில் கிரிக்கிள்வுட் ஊழியர்கள் தாங்களாகவே மறுபடி நிறுத்தினார்கள். இந்த முறை தலைமையின் அனுமதி இல்லை. கிரன்விக் மூட்டைகள் ஒதுங்கிக் கிடந்தன. நிறுவனம் திணறியது என்பதற்குச் சாட்சி அடுத்து நடந்த கூத்து: ஜூலையில் ஓர் இரவு, வார்டை ஆதரித்த வலதுசாரி அமைப்பின் ஆட்கள் லாரியில் உறைகளை ஏற்றி, தபால்தலை ஒட்டி, நாடு முழுக்க ஊர் ஊராகத் தபால்பெட்டிகளில் போட்டார்கள். கிரிக்கிள்வுட் ஊழியர்களைத் தபால்துறை இடைநீக்கம் செய்தது. அவர்களது சொந்த யூனியன் அபராதம் வரை போனது. ஜூலை முடிவதற்குள் அவர்கள் பழையபடி தபால் பிரிக்கப் போனார்கள்.

இந்தத் தபால் ஊழியர்களுக்கும் வாசலில் நின்ற குஜராத்திப் பெண்களுக்கும் இடையே உறவோ மொழியோ கோயிலோ பொதுவாக இல்லை. பொதுவாக இருந்தது ஒரு தபால் மூட்டை. ஒற்றுமைக்கு அதைவிட உறுதியான கயிறு இந்தக் கதை முழுக்க எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டம்

படங்களில் நாம் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். 1977 மே மாதம் தொழிற்கட்சி அமைச்சர்கள் மூன்று பேர் மறியலில் வந்து நின்றார்கள். ஜூன் 13 அன்று கூடிய கூட்டத்தில் 84 பேர் கைதானார்கள். ஜூலை 11 அன்று ஏறக்குறைய 20,000 பேர். யார்க்ஷயரிலிருந்து யூனியன் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1968இல் பவலுக்காக ஊர்வலம் போன அதே லண்டன் துறைமுகத்தின் ஷாப் ஸ்டூவர்டுகள் தங்கள் பேனரோடு வந்தார்கள். ஒன்பது வருடத்தில் அதே துறைமுகத்தின் ஆட்கள், எதிர்த்திசையில். இனப்பகை மாறாதது என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம். நிலையாக மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கும் 1968ஐக் காட்டலாம்.

பத்திரிகைகள் 'சேலை கட்டிய போராளிகள்' என்று எழுதின. பாராட்டாகத்தான் எழுதினார்கள். ஆனாலும் அதில் ஒரு வியப்பு தொனிக்கிறது, பேசும் கிளியைப் பார்த்த மாதிரி. குளிரில் தினமும் காலையில் வாசலில் நின்றவர்கள் அவர்கள். வீட்டில் மாமியார், கணவர், சமூகப் பெரியவர்கள் என்று ஒவ்வொரு வாசலையும் தாண்டி வந்தவர்கள். ஜெயாபென்னும் மற்றவர்களும் நாடு முழுக்க ஆலை ஆலையாகப் போய்ப் பேசினார்கள். சுரங்கத்துக்காரர்கள் வில்லெஸ்டனுக்கு வந்ததற்கு அந்தப் பயணங்களும் காரணம். ஆதரவு வானத்திலிருந்து விழவில்லை, கதவைத் தட்டி வாங்கியது.

ஆனால் 20,000 பேர் கூடியும் அவர்களால் ஒரு நாள் காலை பஸ்ஸைச் சில மணிநேரம் தாமதிக்க வைக்க மட்டுமே முடிந்தது. மறுநாள் அவர்கள் ஊர் திரும்பியாக வேண்டும். போராட்டம் முழுவதிலும் கைதானவர்கள் 500க்கும் மேல். தலைமைக்கு அந்தக் கூட்டம் பயமாக இருந்தது. தொழிற்கட்சி ஆட்சி சிறுபான்மையாக ஊசலாடிக்கொண்டிருந்த நேரம் அது, தெருவில் போலீசோடு மோதல் நடந்தால் யாருக்கு ஓட்டு போகும் என்ற கணக்கு. அபெக்ஸ் கூட்ட மறியலை நிறுத்தச் சொன்னது. தண்ணீர், மின்சாரம், தபால் ஆகியவற்றை நிறுத்தும்படி வேலைநிறுத்தக் குழு கேட்டது. தொழிற்சங்கக் காங்கிரஸ் தீர்மானம் போட்டது, ஆதரவு தெரிவித்தது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

1977 நவம்பர் 21 அன்று ஜெயாபென்னும் இன்னும் மூவரும் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். வார்டின் வாசலில் அல்ல, தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமையகத்துக்கு வெளியே. அபெக்ஸ் அவர்களின் உறுப்பினர் தகுதியை இடைநிறுத்தியது.

அப்போதுதான் ஜெயாபென் அந்த இன்னொரு வாக்கியத்தைச் சொன்னார். தொழிற்சங்கக் காங்கிரசின் ஆதரவு முழங்கையில் தடவிய தேன் போல: மணக்கும், கண்ணுக்குத் தெரியும், ருசிக்க முடியாது. முழங்கையில் வெல்லம் தடவுவது என்று குஜராத்தியில் ஒரு வழக்கு உண்டு, ஆசை காட்டி ஏமாற்றுவதைச் சொல்ல. நம்மிடம் தேனெடுத்தவன் புறங்கையை நக்க மாட்டானா என்று கேட்பார்கள். புறங்கை நாக்குக்கு எட்டும். முழங்கை எட்டாது. வித்தியாசம் சில அங்குலம்தான்.

பிறகு

1978 ஜூலை 14 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. யாரும் திரும்ப எடுக்கப்படவில்லை. யூனியன் அங்கீகரிக்கப்படவில்லை.

இங்கே எனக்கும் 'வெற்றி' கட்சிக்கும் இடையே ஒரு சமரசத்துக்கு இடம் இருக்கிறது. 1976க்குப் பிறகு, ஆசியப் பெண்கள் அமைப்பாகத் திரள மாட்டார்கள் என்று ஒரு யூனியன் அதிகாரியும் கூச்சமில்லாமல் சொல்ல முடியவில்லை. லெஸ்டரில் கதவைச் சாத்திய இயக்கம் வில்லெஸ்டனில் திறக்க வேண்டியிருந்தது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அரசு எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 1980ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், மறியலை அவரவர் வேலையிடத்தோடு நிறுத்தியது. இன்னொருவர் வாசலில் போய் நிற்பது சட்டப் பாதுகாப்பை இழந்தது. பின்னால் வந்த சட்டங்கள், அடுத்த நிறுவனத்தின் தொழிலாளிக்காக வேலையை நிறுத்துவதையும் முழுதாகத் தடுத்தன. கிரிக்கிள்வுட் தபால் பிரிப்பவர்களுக்குத் தெரிந்தது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது, எது வலிக்கும் என்று.

2005 ஆகஸ்ட். ஹீத்ரோ விமான நிலையத்துக்கு உணவு தயாரித்துத் தந்த கேட் கூர்மே நிறுவனம், ஒரே நேரத்தில் 600க்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. பெரும்பாலும் ஆசியப் பெண்கள், பலர் பஞ்சாபிகள். மறுநாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப்பணி ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். நீக்கப்பட்டவர்களில் சிலர் அவர்களின் உறவினர்கள், அக்கம்பக்கத்தவர். விமானங்கள் நின்றன. உலகின் நெரிசல் மிகுந்த விமான நிலையங்களில் ஒன்றில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒரு நாளுக்கு மேல் முடங்கியது. சட்டப்படி அது கூடாத வேலைநிறுத்தம். இரு தரப்பும் ஒரே யூனியனின் உறுப்பினர்கள். அந்த யூனியன் ஆதரவு வேலைநிறுத்தத்தைத் தனதில்லை என்று அறிவித்து, தரைப்பணி ஊழியர்களைத் திரும்பி வேலைக்குப் போகச் சொன்னது. போனார்கள். பெண்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் நின்று மறியலைத் தொடர்ந்தார்கள்.